பாட்டன் பேர், பேரன் பேர்: கல்வேலைக் குடும்பத்தார் வம்சம் தேட ஒரு வழிகாட்டி

கல்வேலை செய்த குடும்பங்களில் பிறந்த பிள்ளைகள் பலர் இப்போது தங்கள் முன்னோரைத் தேடத் தொடங்கியிருக்கிறார்கள். நல்ல காரியம். ஆனால் முக்கால்வாசிப் பேர் எழும்பூர் ஆவணக் காப்பகத்தின் வாசலிலேயே சோர்ந்துபோகிறார்கள். "எங்கள் கொள்ளுத்தாத்தா கல்தச்சர், அவரைப் பற்றி ஏதாவது இருக்கிறதா?" என்று கேட்டால் அங்கே யாராலும் உதவ முடியாது. அந்த ஆவணங்கள் ஆட்களின் பேரால் அடுக்கப்பட்டவை அல்ல. துறை, ஆண்டு, மாவட்டம், அரசாணை எண் என்று அடுக்கியிருக்கிறார்கள். ஊர், தாலுகா, புல எண், உத்தேசமான ஆண்டு ஆகிய நான்கும் கையில் இருக்கும்போது போக வேண்டிய இடம் அது. ஆகவே காப்பகத்தைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் உங்கள் வீட்டார் செய்தது எந்தக் கல்வேலை என்று தீர்மானமாகத் தெரிந்துகொள்ளுங்கள். பாறையில் குழி போட்டு, ஆப்பு அடித்து உடைத்தவர்களா? அம்மி, ஆட்டுக்கல், படிக்கல், தூண் என்று கொத்திக் கொடுத்தவர்களா? கோயில் திருப்பணியும் சிலையும் செய்தவர்களா? இதில்தான் பாதை பிரிகிறது. பாறை உடைத்தவர்களில் பெரும்பாலோர் போயர்கள். பழைய அரசுப் பதிவேடுகளில் ஒட்டர் என்று இருக்கும். அதிலும் கல் ஒட்டர், மண் ஒட்டர் என்ற பிரிவு உண்டு. வெள்ளைக்காரர் காலத்து எழுத்தர்கள் காதில் விழுந்தபடி எழுதியதால் உட்டர், வட்டர், ஒட்டே, போயன் என எல்லா உருவத்திலும் தேட வேண்டும். சிற்பிகளும் கல்தச்சர்களும் கம்மாளர், ஆசாரி, ஆச்சாரி, ஸ்தபதி என்று பலவாறாகப் பதிவாகியிருப்பார்கள். போயர்கள் வேலை இருந்த இடத்துக்கெல்லாம் பெயர்ந்தவர்கள்: ஏரிக்கரை, ரயில் பாதை, அணைக்கட்டு. கோயில் வேலைக்காரர்கள் பெரும்பாலும் ஓர் ஊரில் வீடும் காணியும் வைத்துக்கொண்டு, வேலைக்கு வெளியூர் போய்த் திரும்பியவர்கள். கோயில் வேலைக் குடும்பங்களுக்கு நிலப் பதிவேடு கைகொடுக்கும். போயர் குடும்பங்களுக்குப் பத்திரமும் பள்ளிப் பதிவேடும்தான் துணை.

வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள் என்று எல்லோரும் சொல்வார்கள். கேட்கும்போது ஆண்டு கேட்காதீர்கள். எந்தப் பாட்டிக்கும் ஆண்டு நினைவிருக்காது. குலதெய்வம் எந்த ஊரில், பெண் எடுத்த ஊர் எது, கொடுத்த ஊர் எது, யார் எந்த ஊரில் செத்தார், மேட்டூர் அணை கட்டும்போது அப்பா எத்தனை பெரிய பையன் என்று கேளுங்கள். மேட்டூர் அணை 1925 முதல் 1934 வரை கட்டப்பட்டது. அப்போது "கல் சுமக்கிற வயசு" என்றால் பிறந்த ஆண்டு உங்களுக்குக் கணக்கில் வந்துவிடும். போயர் குடும்பமானால் இன்டிபேரைத் தவறாமல் எழுதிக்கொள்ளுங்கள். தெலுங்கு வழக்கான அந்த வீட்டுப்பேர் அரசுக் காகிதங்களில் வருவது அபூர்வம். ஆனால் இரண்டு குடும்பங்கள் பங்காளிகளா, சம்பந்திகளா என்பதை அதை வைத்து உடனே சொல்லிவிடலாம். கம்மாளர் வீட்டில் கோத்திரத்தைக் கேளுங்கள்.

பெட்டியில் கிடக்கும் காகிதங்களை எல்லாம் எடுங்கள். பட்டா, பத்திரம், பள்ளி மாற்றுச் சான்று, பழைய ரேஷன் கார்டு, கல்யாணப் பத்திரிகை. கல்யாணப் பத்திரிகையை யாரும் மதிப்பதில்லை. நான் அதைத்தான் முதலில் எடுப்பேன். தாத்தா பேர், மாமன் பேர், ஊர்ப்பேர் மூன்றும் ஒரே தாளில் வேறு எங்கே கிடைக்கும்?

அடுத்து, படித்த தொடக்கப் பள்ளியின் சேர்க்கைப் பதிவேடு. அதில் தகப்பன் பேரும் பல பள்ளிகளில் தொழிலும் இருக்கும். பிறந்த தேதியை நம்ப வேண்டாம். சேர்க்கும்போது ஆசிரியர் போட்ட தேதியாக இருக்கலாம். இறப்புப் பதிவேட்டைத் தாலுகா அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள். 1980 வரை கிராம முன்சீப்தான் பிறப்பு இறப்பைப் பதிந்தார். பரம்பரை கிராம அதிகாரிகளின் பதவி அந்த ஆண்டு நவம்பரில் ஒழிக்கப்பட்டது. கிறிஸ்தவக் குடும்பமானால் பங்குக் கோயிலின் ஞானஸ்நானப் பதிவேட்டை முதலில் பாருங்கள். அதில் வரும் ஞானப்பெற்றோர் பெரும்பாலும் உறவுக்காரர்கள்.

இனி பத்திரப் பதிவு அலுவலகம். வில்லங்கச் சான்று இணையத்தில் 1975 வரை பின்னோக்கிக் கிடைக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். அதற்கு முந்தையதை அலுவலகத்தில் மனுக் கொடுத்துத் தேடச் சொல்ல வேண்டும். வில்லங்கம் கேட்கும்போது எல்லோரும் புல எண்ணைக் கொடுத்துத் தேடுகிறார்கள். 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டப்படி நிலம், வீடு பற்றிய பத்திரங்களுக்கு அங்கே இரண்டு அட்டவணைகள் இருக்கின்றன. இரண்டாம் அட்டவணை சொத்தை வைத்து எழுதியது. முதல் அட்டவணை ஆட்களின் பேரை வைத்து எழுதியது. எழுதிக் கொடுத்தவர், எழுதி வாங்கியவர் இருவர் பேரும் அதில் உண்டு. நமக்கு வேண்டியது இதுதான். கட்டணம் கட்டினால் யாரும் பார்க்கலாம். உங்கள் ஊர் இப்போது எந்த சார்பதிவாளர் அலுவலகத்தில் இருக்கிறது என்பதோடு, அறுபது வருடத்துக்கு முன் எதில் இருந்தது என்றும் கேளுங்கள். தாய் அலுவலகம் வேறாக இருந்தால் பழைய புத்தகங்கள் அங்கேதான் இருக்கும்.

எடுத்த எடுப்பில் கிரயப் பத்திரத்தைத் தேடாதீர்கள். கல்வேலைக் குடும்பங்கள் சொத்து வாங்கியதைவிட அடமானம் வைத்ததுதான் அதிகம். அடமானப் பத்திரம், பாகப்பிரிவினை, விடுதலைப் பத்திரம் இம்மூன்றும் தங்கம். பாகப்பிரிவினையில் அண்ணன் தம்பி அத்தனை பேரும் வயதோடு வரிசையாக நிற்பார்கள். பெண்மக்களைப் பழைய பத்திரங்களில் காண்பது கடினம். தமிழ்நாட்டில் 1989 மார்ச் 25 முதல் மகள்களுக்கும் கூட்டுக் குடும்பச் சொத்தில் உரிமை வந்தபின்தான், அத்தைமார் பேரெல்லாம் விடுதலைப் பத்திரங்களில் நிறைய வரத் தொடங்குகிறது.

இப்போது எல்லோரும் சறுக்கும் இடத்துக்கு வருகிறேன். பேர் கிடைத்துவிடும். அவர்தானா உங்கள் தாத்தா என்பதுதான் கேள்வி.

நம் வழக்கத்தில் தாத்தா பேரைப் பேரனுக்கு வைக்கிறோம். பெரியசாமி மகன் சின்னப்பன், சின்னப்பன் மகன் பெரியசாமி, அவர் மகன் மறுபடியும் சின்னப்பன் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1890-இல் ஒரு பத்திரத்தில் "பெரியசாமி மகன் சின்னப்பன்" வருகிறார். 1950-இல் இன்னொரு பத்திரத்திலும் "பெரியசாமி மகன் சின்னப்பன்" வருகிறார். இருவரையும் ஒருவராக எடுத்துக்கொண்டால் இடையில் இருந்த இரண்டு தலைமுறை ஓசையில்லாமல் காணாமல் போகும். இது நீளவாக்கில் வரும் குழப்பம். அகலவாக்கிலும் உண்டு. பழைய பெரியசாமிக்கு மூன்று மகன்கள் என்றால் மூவரும் தங்கள் மூத்த பிள்ளைக்கு அப்பா பேரையே வைப்பார்கள். ஒரே தெருவில், ஏறக்குறைய ஒரே வயதில், ஒரே தொழிலில் மூன்று பெரியசாமிகள். தகப்பன் பேர் இல்லாத பதிவில் "பெரியசாமி, கல்வேலை" என்று மட்டும் இருந்தால் அது மூவரில் யாராகவும் இருக்கலாம்.

இதற்கு நான் கடைப்பிடிக்கும் விதி ஒன்றுதான். தகப்பன் பேர், ஊர் இரண்டும் பொருந்தியபின் மூன்றாவதாக ஒன்று பொருந்த வேண்டும். அதுவரை அந்த உறவைப் பென்சிலில் மட்டும் எழுதுங்கள். மூன்றாவது எங்கே கிடைக்கும்?

நான்கெல்லையில். பத்திரத்தின் கடைசியில் செக்குபந்தி என்று எழுதியிருக்கும்: இன்னார் வீட்டுக்கு மேற்கு, இன்னார் மனைக்கு வடக்கு, பொதுப்பாதைக்குத் தெற்கு. வம்சம் தேடுபவர்கள் இதைப் படிக்காமலே தாண்டிவிடுகிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள். தாத்தா வீட்டுக்குக் கிழக்கே இருந்தவர் 1932-இல் யார், 1950-இல் யார் என்று பாருங்கள். கிழக்கு வீட்டுக்காரரோ அவர் வாரிசோ இரண்டிலும் வந்தால் வீடு ஒன்றுதான். வீடு ஒன்றானால் குடும்பமும் பெரும்பாலும் ஒன்றுதான். அக்கம்பக்கத்தாரும் பங்காளிகளாகவே இருப்பதால், எல்லைகளை மட்டும் சேர்த்து எழுதினாலே அண்ணன் தம்பி வீடுகள் வரிசையாகத் தெரியும். ஒரு தாளில் தெருவை வரைந்து, ஒவ்வொரு பத்திரத்தின் நான்கெல்லையையும் அதில் ஆண்டோடு குறித்து வையுங்கள். கணினி மென்பொருள் எதுவும் இந்தத் தாளுக்கு ஈடாகாது.

அடுத்தது சாட்சிகள். சாட்சிக் கையெழுத்துப் போட்டவர்களில் ஒருவராவது மைத்துனராகவோ பங்காளியாகவோ இருப்பார். அடுத்தது கையெழுத்தும் கைநாட்டும். 1925-இல் கையெழுத்துப் போட்டவர் 1932-இல் கைநாட்டு வைத்திருந்தால் சந்தேகப்படுங்கள். நோயாளியாக இல்லாவிட்டால் அவர் வேறு ஆள். கடைசியாக வயது. பத்திரங்களில் வயது உத்தேசம்தான். ஐந்து வருடம் முன்பின் இருக்கட்டும். இருபது வருட வித்தியாசத்தை ஒத்துக்கொள்ளாதீர்கள். அங்கே ஒரு தலைமுறை ஒளிந்திருக்கிறது.

தேதிகளும் ஏமாற்றும். பழைய பத்திரங்களில் தமிழ் வருடப் பேர் மட்டும் இருக்கலாம். விக்ருதி வருடம் என்றால் அது 1950-ஆகவும் இருக்கலாம், 1890-ஆகவும் இருக்கலாம். அறுபது வருடத்துக்கு ஒருமுறை சுழன்று வருகிறது. முத்திரைத்தாளின் அச்சைப் பார்த்தால் எந்த ஆட்சிக் காலம் என்று தெரிந்துவிடும். வருவாய்த்துறைப் பதிவேடுகளில் பசலி இருக்கும். பசலியோடு 590 கூட்டுங்கள், ஆங்கில ஆண்டு வரும். பசலி ஆண்டு ஜூலையில் தொடங்குவதால் 1270 என்பது 1860 ஜூலை முதல் 1861 ஜூன் வரை. கன்னியாகுமரிப் பக்கம் கொல்லம் ஆண்டு வரும். அதோடு 825 கூட்டினால் போதும், ஒரு வருடம் முன்பின் ஆகலாம்.

நிலம் இருந்த குடும்பங்கள் பட்டாவிலிருந்து பின்னோக்கிப் போகலாம். இன்றைய புல எண், 1979-இல் தொடங்கிய யுடிஆர் (நிலப் பதிவேடு புதுப்பிப்புத் திட்டம்) காலத்து 'அ' பதிவேடு, அதற்கு முன் செட்டில்மெண்ட் பதிவேடு என்று படிப்படியாக இறங்குங்கள். ஒவ்வொரு படியிலும் எண் மாறியிருக்கும். பழைய எண்ணுக்கு நேராகப் புதிய எண் எது என்று காட்டும் பட்டியலைக் கேட்டு வாங்காமல் அடுத்த படிக்கு இறங்காதீர்கள்.

கோயில் பணிக்காகவோ ஊர்ப் பணிக்காகவோ மானியம் பெற்ற குடும்பமானால் உங்களுக்கு அதிர்ஷ்டம். சென்னை மாகாணத்தில் 1858-இல் இனாம் கமிஷன் ஏற்பட்டது. அது ஊர் ஊராக விசாரித்து எழுதிய இனாம் பதிவேட்டில், மானியம் முதலில் யாருக்குக் கொடுக்கப்பட்டது, இப்போது அனுபவிப்பவர் யார், அவர் வயது என்ன, முதல் ஆளுக்கு அவர் என்ன உறவு என்றெல்லாம் தனித்தனிப் பத்திகள் இருக்கும். 1860-களில் உயிரோடு இருந்த ஒருவரை அவர் பாட்டனோடு சேர்த்து அரசாங்கமே எழுதி வைத்த காகிதம் இது. இதைப் பார்க்க எழும்பூருக்கு இப்போது போங்கள்.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தேடி நாளைக் கழிக்காதீர்கள். வெளிநாட்டுக்காரர்கள் எழுதிய வழிகாட்டிகளைப் படித்துவிட்டுப் பலர் இதைக் கேட்கிறார்கள். இங்கே ஆள்வாரியான கணக்கெடுப்புத் தாள்களைச் சட்டப்படி யாருக்கும் காட்ட மாட்டார்கள். அணை, ரயில்பாதை கட்டுமான ஆவணங்களிலும் கல்லுடைத்தவர் பேர் கிடைக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். ஒப்பந்தக்காரர் பேரைத் தாண்டி அவை இறங்குவது அரிது. மாறாக, குடும்பத்தில் யாராவது கடல் கடந்து கூலிக்குப் போயிருந்தால் அந்தக் கிளையைப் பிடியுங்கள். 1860 முதல் 1911 வரை நேட்டாலுக்குப் போனவர்களின் கப்பல் பட்டியலில் தகப்பன் பேர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, ஊர் எல்லாம் உண்டு. மொரீஷியஸ் போனவர்களின் பதிவேடுகள் அங்கே மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் இருக்கின்றன. ஊரில் அழிந்துபோன முன்னோர் பேர் அங்கே எழுத்தில் நிற்கக்கூடும்.

கல்லில் இருக்கும் பேர்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் குஞ்சரமல்லன் என்ற ராஜராஜப் பெருந்தச்சன் பேர் இருக்கிறது. மாமல்லபுரத்தை அடுத்த பூஞ்சேரியில் பல்லவர் காலத்துக் கல்தச்சர்கள் தங்கள் பேரைப் பாறையிலேயே வெட்டி வைத்திருக்கிறார்கள். நம் தொழிலின் முன்னோர்கள் என்று அவர்களைக் கும்பிடுவோம். ஆனால் அவர்களையும் உங்கள் கொள்ளுத்தாத்தாவையும் கோடு போட்டு இணைக்காதீர்கள். நடுவில் பல நூற்றாண்டுகளுக்குச் சங்கிலி இல்லை. உங்களுக்குப் பயன்படும் கல்வெட்டுகள் குலதெய்வக் கோயில் படிக்கட்டிலும், ஊர்ச் சத்திரத்துத் தூணிலும், கிணற்று மேடையிலும் இருக்கும் சிறிய உபய எழுத்துகள்தான். காலை எட்டு மணிக்கு முன்னாலோ மாலை ஐந்துக்குப் பின்னாலோ போனால் வெயில் சாய்வாக விழுந்து, தேய்ந்த எழுத்தும் நிழலில் எழுந்து நிற்கும். சுண்ணாம்போ சாக்பீஸோ தடவாதீர்கள், கல் கெட்டுப்போகும். அளவுகோலைப் பக்கத்தில் வைத்துப் படம் எடுங்கள். எழுத்தை இருக்கிறபடியே, பிழை இருந்தால் பிழையோடு, அங்கேயே நின்று நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். கோயில் பெயர், எந்தப் பக்கத்துத் தூண், கீழிருந்து எத்தனையாவது படி, பார்த்த தேதி ஆகியவற்றையும் அதே பக்கத்தில் குறித்துவிட வேண்டும். அடுத்த கும்பாபிஷேகத்துக்கு அந்தப் படியின் மேல் கிரானைட் பதித்துவிட்டால், உங்கள் நோட்டில் இருப்பதுதான் மிஞ்சும்.