உருமாற்றமும் அதன் விதிகளும்

மனிதன் புலியாவதும் புள்ளாவதும் கதையிற் கேட்டற்கு இனியன. ஆயினும், மாறியவனிடத்து எது எஞ்சுகின்றது, எது நீங்குகின்றது என்னும் வினா எளியதன்று. இன்று இளைஞர் சிலர் மேசையைச் சூழவிருந்து பாத்திரமேற்று ஆடும் ஆட்டங்கள் இவ்வினாவுக்கு விதி வகுத்தே விடைகூறுகின்றன.

அவற்றுள் முன்னோடி 1974 ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளிவந்த 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' ஆகும். அதில் வரும் 'துரூயிட்' இயற்கையினின்றும் ஆற்றல் பெறும் மந்திரவாதி. 2014 ஆம் ஆண்டுப் பதிப்பின்படி அவன் தான் முன்பு கண்ட விலங்கின் உருவையே கொள்ளலாம். உடல்வலி விலங்கினது, அறிவு அவனுடையது. விலங்குடலின் உயிர்ப்புள்ளிகள் ஒழிந்தவுடன் பழைய உடல் மீளும். எஞ்சிய அடி அதன்மேற் படும். கணக்கை வெறுக்கும் மாணவரும் இதனை விருப்புடன் கூட்டிக் கழிக்கின்றனராம்!

இனி நம்மவர் கதைகளை நோக்குவாம். கச்சியப்ப சிவாசாரியார் பாடிய கந்தபுராணத்திற் சூரபன்மன் சக்கரவாகப் புள்ளாகின்றான். கடல் நடுவே மாமரமாகின்றான். உரு எத்தனை மாறினும் பகை மாறவில்லை. வேலாற் பிளவுண்ட கூறுகள் சேவலும் மயிலுமாகி மீண்டும் எதிர்க்க, முருகனது அருள்நோக்கினாலேயே அப்பகை ஒழிந்தது. ஈண்டு உரு அவ்வாறே நிற்க உள்ளம் மாறிற்று. ஆட்டவிதியில் இதற்கு இடமில்லை. வள்ளிபொருட்டு அம்முருகனே வேடனும் வேங்கையும் விருத்தனுமாயினமை யாவரும் அறிந்ததே.

திருமூலர் வரலாறு வேறுவகையினது. சாத்தனூரில் இடையன் மூலன் இறந்துகிடக்க, அவனைச் சூழ்ந்து கதறிய பசுக்களின் துயர் கண்டு இரங்கிய சிவயோகியார், தம் உடலை ஓரிடத்துச் சேமித்து அவனுடலிற் புகுந்தார். பசுக்கள் மகிழ்ந்து மனை சேர்ந்தன. மூலனுடைய மனைவியோ தன் கணவனுடலில் அயலான் ஒருவனைக் கண்டு கலங்கினாள். யோகியார் மீண்டு வந்து தேடியபோது தம் பழைய உடல் ஆங்கில்லை. மாறுதலுக்கு அவர் கொடுத்த விலை அது. அவ்விடையனுடலிலிருந்தே திருமந்திரம் பிறந்தது. இழப்பில்லாத உருமாற்றத்திலும் இழப்புள்ள உருமாற்றமே என் நெஞ்சைத் தொடுகின்றது.

நமது வன்னியிலும் ஒரு கதையுண்டு. நந்திக்கடலோரத்தில் மாடு மேய்த்த சிறுவரிடம் கண்ணகி ஒரு மூதாட்டியாய் வந்தாள் என்பது வற்றாப்பளை ஐதிகம். சிறுவர் அவளுக்குப் பொங்கி உண்பித்தனர். பொழுதுபட விளக்கேற்ற எண்ணெயில்லை, கடல்நீரை வார்த்து ஏற்றுமாறு கூறினாள், விளக்கு எரிந்தது. பின்னர், தலையிற் பேன் பார்க்குமாறு பணித்தாள். மயிரை விலக்கிய சிறுவர் தலையெங்கும் கண்களைக் கண்டு நடுங்கினர், மூதாட்டி மறைந்தாள். நரையும் திரையும் கூனும் முற்றப் பொருந்தியிருந்தும், கண் ஒன்றை மட்டும் அக்கோலம் மறைக்க இயலவில்லை. அதனைக் கண்டவர் புலவரல்லர். பேன் பார்க்க அமர்ந்த மாட்டுக்காரச் சிறுவரே. இன்றும் வைகாசிப் பொங்கலுக்குச் சிலாவத்தைக் கடலில் தீர்த்தமெடுத்து, அவ்வுப்புநீரிலே விளக்கேற்றுகின்றனர்.