மூட்டத்தை அவசரமாகப் பிரிக்காதே, தம்பி



நீ அனுப்பிய பாட்டை நேற்று ராத்திரி மூன்று தடவை படித்தேன். குடித்துவிட்டு வரும் அப்பா, கதவுக்குப் பின்னால் தங்கச்சியின் வாயைப் பொத்திக்கொண்டு நிற்கும் ஒன்பது வயசுப் பையன். மூன்று சரணமும் சத்தியம். நாலாவதில் மட்டும் எல்லா வலியும் ஒரே ஜெபத்தில் தீர்ந்துவிடுகிறது. அந்தச் சரணத்தை மேடைக்காகத்தானே எழுதினாய்?

அந்த மேடை எனக்குத் தெரியும். பத்தொன்பது வயசில் ஒரு கூட்டத்தில் என்னையும் சாட்சி சொல்ல ஏற்றினார்கள். சொன்னேன், அழுதேன், ஜனம் அல்லேலூயா என்றது. மறுநாள் கடைத்தெருவில் என்னைப் பார்த்தவர்கள் கண்ணில் என் அம்மா பட்ட அடிதான் தெரிந்தது. அதற்கப்புறம் இரண்டு வருஷம் எனக்குப் பாட்டே வரவில்லை.

திருச்சுழிப் பக்கத்துப் பிள்ளை நீ. சீமைக்கருவேலம் வெட்டிக் கரி மூட்டம் போடுவதைப் பார்த்து வளர்ந்தவன். விறகை அடுக்கி, மண் பூசி, உள்ளே நெருப்பை மெல்ல நகரவிட்டு, அப்புறம் ஆறவும் விட வேண்டும். ஆறுமுன் பிரித்தால் காற்றுப் பட்டுப் பற்றிக்கொள்ளும். கரி போய்ச் சாம்பல்தான் மிஞ்சும். உன் பாட்டுக்குள் இன்னும் சூடு இருக்கிறது.

எழுத்தாளர் பாமா நம் மாவட்டத்துக்காரர், புதுப்பட்டியில் பிறந்தவர். கன்னியர் மடத்தை விட்டு வெளியே வந்து அவர் எழுதிய ‘கருக்கு’ 1992இல் வந்தது. அந்தத் தலைப்பில் கையைக் கிழிக்கும் பனங்கருக்கு ஒரு பக்கம். எபிரெயர் நிருபத்தில் பட்டயத்தின் கூருக்கு வரும் கருக்கு இன்னொரு பக்கம். சபைக்குள்ளேயே பட்ட சாதிக் காயத்தையும் அவர் மூடி மறைக்கவில்லை. அவரை வாசி.

88ஆம் சங்கீதத்தையும் எடுத்துப் பார். சிநேகிதரையும் என்னைவிட்டுத் தூரமாக விலக்கினீர் என்ற முறையீட்டோடு அது அப்படியே நின்றுவிடுகிறது. கடைசிவரை விடியவே இல்லை. ஆனால் அதன் தலைப்பைக் கவனித்தாயா? ஆலயத்தில் பாடிய கோராகின் புத்திரரிலுள்ள இராகத் தலைவனிடம் அதை ஒப்படைக்கிறது. தனியாய்க் கிடந்தவனின் புலம்பலைப் பலபேர் சேர்ந்து பாடியிருக்கிறார்கள்! இத்தனை வருஷம் பாடகர் குழுவில் நின்றும் எனக்கு இது வெகு தாமதமாகத்தான் உறைத்தது.

மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் பாடம் சொன்ன தியோப்பிலஸ் அப்பாவு (1940–2005), ‘பறட்டை’ என்ற பேரில் நாட்டுப்புற மெட்டில் பாட்டுக் கட்டியவர். சேர்ந்து பொங்கி, சேர்ந்து உண்ணும் ஒரே உலைச் சோற்றில் அவர் சுவிசேஷத்தைக் கண்டார். பாடுகிற ஜனம் தன் பாட்டை மாற்றிப் பாடவும் இடம் விட்டார்.

நீயும் விடு. நாலாவது சரணத்தை எடுத்துவிட்டு, சனிக்கிழமை வீட்டுக் கூட்டத்தில் வருகிற அந்த ஏழெட்டுப் பேருக்கு மட்டும் பாடு. மில் ஷிப்ட் முடிந்து வரும் அக்காவும், தறியை விற்றுவிட்ட பெரியவரும் உன் அம்மா இறந்த வருஷம் உனக்கும் தங்கச்சிக்கும் மாற்றி மாற்றிச் சோறு போட்டவர்கள். அவர்கள் ஒரு வரியை மாற்றினால் சண்டை போடாதே. அப்பாவை மன்னித்துவிட்டதாக எழுதச் சொல்லி யாராவது நெருக்கினால் மட்டும் எழுதாதே. அது வருகிறபோது வரட்டும்.

தூக்கம் கெட்டு, உடம்பு நடுங்கும் ராத்திரி வந்தால் ஜெபத்தோடு நிறுத்திவிடாதே. 14416க்குப் போன் போடு. அரசாங்கத்தின் டெலிமானஸ் மனநல உதவி எண் அது. தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது. டாக்டரிடம் போவது அவிசுவாசம் என்று எவர் சொன்னாலும் நம்பாதே.

சனிக்கிழமை பறையைக் காய்ச்சி எடுத்துக்கொண்டு வா. சாப்பாடு இங்கேதான். அதற்கு முன்னால் இந்தப் பாட்டைத் தங்கச்சிக்குப் படித்துக் காட்டு. கதவுக்குப் பின்னால் நின்றது அவளும்தான். அவள் வேண்டாம் என்று சொல்லும் வரியை அடித்துவிடு.