விலைப்பட்டியலுக்கு ஒரு சிறிய பிளகின்: நாமே எழுதலாம்



நம் உறுப்பினர்களில் பலர் இப்போது கடைக்கென்று இணையதளம் வைத்திருக்கிறோம். அவற்றுள் பல 'வேர்ட்பிரஸ்' என்ற மென்பொருளில் இயங்குபவை. 2003-ஆம் ஆண்டில் மேட் முல்லன்வெக், மைக் லிட்டில் என்ற இருவர் தொடங்கிய இது இலவசமாகக் கிடைக்கிறது. பக்கம் எழுதவும் படம் சேர்க்கவும் கணிப்பொறிப் படிப்பு தேவையில்லை. அதில் இல்லாத ஒரு வேலை நமக்கு வேண்டுமானால், அதற்கென எழுதிச் சேர்க்கும் சிறு நிரலுக்குப் 'பிளகின்' என்று பெயர். பள்ளிப் படிப்போடு மண்டிக்கு வந்த நான், அறுபது வயதுக்கு மேல் என் தம்பி மகனிடம் இதைக் கற்றுக்கொண்டேன். கற்க வைத்தது ஒரு நஷ்டம்.

நடந்தது என்ன?

எங்கள் தளத்தை அமைத்துக் கொடுத்தவர், பருப்பு விலைகளைத் 'தீம்' எனப்படும் தோற்ற அமைப்பின் கோப்பிலேயே எழுதி வைத்திருந்தார். ஒரு நாள் தீம் புதுப்பிக்கப்பட்டது. புதிய கோப்பு வந்து பழையதன் மேல் அமர்ந்ததால் விலைப்பட்டியல் காணாமற் போயிற்று. அவர் தம்மிடமிருந்த பழைய நகலை எடுத்துப் போட்டார். அதில் இருந்ததோ இரண்டு மாதத்துக்கு முந்தைய விலை. எங்களில் யாரும் அதைக் கவனிக்கவில்லை.

வெளியூர் மளிகைக்காரர் ஒருவர் அந்த விலையைப் பார்த்து, வண்டி பேசிக்கொண்டு வந்துவிட்டார். உளுந்து மூட்டைக்கு 150 ரூபாய் ஏறியிருந்தது. போட்ட விலைக்கே 40 மூட்டை கொடுத்தேன். 6,000 ரூபாய் போயிற்று. கொடுக்காமல் விட்டிருந்தால் பெயர் போயிருக்கும்.

கடைப் பெயர்ப்பலகையின் மேலேயே யாரும் அன்றாட விலையை எழுதுவதில்லை. பலகையை மாற்றினால் விலையும் போய்விடும் அல்லவா? அதற்குத் தனிச் சிலேட்டு வைக்கிறோம். பிளகின் என்பது அந்தச் சிலேட்டு. வேர்ட்பிரஸைப் புதுப்பித்தாலும் தீமை மாற்றினாலும் அது தன் இடத்தில் இருக்கும்.

நமக்கு வேண்டிய வேலை

விலைப்பட்டியலுடன் ஒரு தேதி இருக்க வேண்டும். அது இன்றைய தேதியானால் பட்டியல் தெரிய வேண்டும். இல்லையானால் பட்டியல் மறைந்து, "விலை அறியக் கடைக்குப் பேசவும்" என்ற வரி மட்டும் தெரிய வேண்டும். இவ்வளவுதான், பத்து வரியில் முடியும்.

எழுதும் முறை

1. 'நோட்பேட்' திறக்கவும். 'வேர்ட்' ஆகாது, அது மேற்கோள் குறிகளை வளைத்துவிடும், நிரல் ஓடாது. கட்டளைகள் எல்லாம் ஆங்கில எழுத்தில் இருக்க வேண்டும்.

2. முதல் வரியில் 'குறைவு' குறி, கேள்விக்குறி, பி.எச்.பி. என்ற மூன்று எழுத்து, இடைவெளி கூடாது. அடுத்த வரியில் சாய்கோடும் நட்சத்திரமும் இட்டு, 'பிளகின் நேம்' என்று எழுதி, முக்காற்புள்ளி வைத்து, நாம் சூட்டும் பெயரை எழுதி, நட்சத்திரமும் சாய்கோடும் இட்டு முடிக்கவும். இந்த வரியைக் கொண்டுதான் வேர்ட்பிரஸ் இதைப் பிளகின் என்று அடையாளம் காண்கிறது.

3. 'ஃபங்ஷன்' என்ற சொல்லோடு வேலைப் பகுதியைத் தொடங்கவும். அதன் பெயருக்கு முன்னால் கடையின் முதலெழுத்துகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரே பெயரில் இரண்டு ஃபங்ஷன் இருந்தால் தளமே நின்றுவிடும். இந்தப் பகுதிக்கு வேர்ட்பிரஸ் கொடுக்கும் பொருள்களில் முதலாவது நாம் எழுதிய தேதி அடங்கிய தொகுப்பு, இரண்டாவது விலைப்பட்டியல்.

4. 'இஃப்' கட்டளையால், எழுதிய தேதியை இன்றைய தேதியோடு ஒப்பிடவும். இன்றைய தேதியைத் தருவது 'டபிள்யூ.பி.' அடிக்கோடு 'டேட்' என்ற கட்டளை. இரண்டும் ஒன்றானால் பட்டியலையும், இல்லையானால் "கடைக்குப் பேசவும்" வரியையும் திருப்பித் தரவும். தேதியே எழுதாமல் விட்டாலும் பட்டியல் தெரியக் கூடாது.

5. திருப்பித் தர 'ரிட்டர்ன்' என்ற சொல்லையே எழுதுங்கள். 'எக்கோ' என்று எழுதினால் பட்டியல் தன் இடத்தில் வராமல் வேறெங்கோ போய் நிற்கும்.

6. கடைசி வரி 'ஆட்' அடிக்கோடு 'ஷார்ட்கோட்'. 'விலை' என்ற குறிச்சொல்லைப் பக்கத்தில் கண்டால் நம் ஃபங்ஷனை அழை என்பது இதன் பொருள்.

கோப்பின் பெயர் பி.எச்.பி. என முடிய வேண்டும். அதைக் கடைப் பெயருள்ள தனி அடைவில் இட்டு, 'டபிள்யூ.பி.-கன்டென்ட்' அடைவுக்குள் இருக்கும் 'பிளகின்ஸ்' அடைவில் வைக்கவும். பிறகு நிர்வாகப் பக்கத்தில் 'பிளகின்ஸ்' பகுதிக்குச் சென்று 'ஆக்டிவேட்' அழுத்தவும்.

இனி விலைப் பக்கத்தில் 'ஷார்ட்கோட்' கட்டத்தைச் சேர்த்து, சதுர அடைப்புக்குறிக்குள் குறிச்சொல்லையும் தேதியையும் எழுதி, கீழே விலைகளை எழுதி, சாய்கோடு சேர்த்த அதே குறிச்சொல்லால் மூடவும். தேதியை 2025-01-05 என்பது போல ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் பூஜ்யத்தோடு எழுத வேண்டும்.

கவனிக்க வேண்டியவை

அமைப்புப் பக்கத்தில் நேர மண்டலம் 'கொல்கத்தா' என்று இருக்கிறதா பாருங்கள். உலகப் பொது நேரத்தில் விட்டிருந்தால் நம் தளத்தில் தேதி மாறுவது காலை 5.30-க்குத்தான். ஐந்து மணிக்கு விலை போடுகிறவருக்கு அரை மணி நேரம் பட்டியல் தெரியாது.

'கேஷ்' பிளகின் போட்டிருப்பவர்கள் விலைப் பக்கத்தை அதிலிருந்து விலக்கி வையுங்கள். இல்லையேல் அது நேற்று எடுத்து வைத்த பக்கத்தையே இன்றும் காட்டக்கூடும்.

தளத்தின் நகல் ஒன்றை எடுத்து வைத்துவிட்டு, கடை அடைத்த பிறகு சோதியுங்கள். வேண்டுமென்றே நேற்றைய தேதியைப் போட்டுப் பாருங்கள். பட்டியல் மறைய வேண்டும். எழுத்துப் பிழையால் தளம் நின்றுவிட்டால் அஞ்ச வேண்டாம். ஹோஸ்டிங் கணக்கில் நுழைந்து நம் அடைவின் பெயரை மாற்றினால் அந்தப் பிளகின் விலகிவிடும், தளம் திரும்ப வரும். 2019-இல் வந்த 5.2 பதிப்பு முதல், இத்தகைய பிழை நேர்ந்தால் நிர்வாகியின் மின்னஞ்சலுக்கு மீட்பு இணைப்பும் அனுப்பப்படுகிறது.

இப்போது விலை மாற்ற மறந்த நாளில் எங்கள் தளம் விலை சொல்வதில்லை, தொலைபேசிதான் ஒலிக்கிறது. பேசி முடித்த விலைக்குச் சரக்கு ஏற்றுகிறோம். பழைய விலையைக் காட்டுவதைவிட விலையே காட்டாமல் இருப்பது மேல். உங்கள் தளத்தில் விலை எந்தக் கோப்பில் எழுதப்பட்டிருக்கிறது என்பதை, அமைத்துக் கொடுத்தவரிடம் இன்றே கேளுங்கள்.