அடைக்கலப் பொருள்: பயிற்சி நிலையங்களும் தன்விவரப் பாதுகாப்பும்

ஒருவன் தன் பொன்னைப் பிறனொருவனிடம் அடைக்கலமாக வைத்துச் செல்வானாயின், பெற்றவன் அதனைத் தன் உடைமையாகக் கொள்ளான். உரியவன் வந்து கேட்குமளவும் காத்துத் திருப்பித் தருதலே அவனுக்கு அறமாகும். இதனை யாவரும் அறிவர். ஆயினும், ஒருவருடைய பெயரும், பிறந்த நாளும், தொலைபேசி எண்ணும், மதிப்பெண்களும் அத்தகைய அடைக்கலப் பொருள்களே என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. இக்காலத்துப் பயிற்சி நிலையங்களை எடுத்துக்காட்டாகக் கொண்டு இதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

மாணாக்கி ஒருத்தி கணக்கியற் பயிற்சி பெற விரும்பி நிலையமொன்றிற்குச் செல்வதாகக் கொள்வோம். கட்டணம் எவ்வளவு என்று அறிவதற்கு முன்னரே அவள் கையில் ஒரு படிவம் தரப்படுகின்றது. முகவரி, தொலைபேசி எண், தந்தையின் தொழில், குடும்ப வருமானம், ஆதார் அட்டையின் நகல் ஆகிய யாவும் கேட்கப்படுகின்றன. அவளும் தயங்காது கொடுத்து மீள்கின்றாள். சின்னாட்களில் அவள் ஒருகாலும் கேள்வியுறாத நிலையங்களிலிருந்தெல்லாம் அழைப்புகள் வரத் தொடங்குகின்றன. பொருள் களவுபோயின் வைத்த இடம் வெறுமையாகும். விவரம் களவுபோயினோ அது வைத்த இடத்திலேயே இருக்கும். உரியவளுக்கு ஒன்றும் குறைந்ததாகத் தோன்றாமையால், இத்தீங்கு எளிதிற் புலனாவதில்லை.

இவ்விடரைத் தடுக்க உலகில் முதன்முதற் சட்டம் இயற்றியது ஜெர்மனியின் ஹெஸ்ஸே மாநிலம், ஆண்டு 1970. நாடு முழுமைக்குமாக 1973-இல் சுவீடன் சட்டஞ் செய்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் பொதுத் தரவுப் பாதுகாப்பு விதி 2018 மே 25 முதல் நடைமுறைக்கு வந்தது. நம் நாட்டில், ஓய்வுபெற்ற நீதிபதி கே. எஸ். புட்டசாமி தொடுத்த வழக்கில், உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமித்து, அந்தரங்கம் பேணுதல் அடிப்படை உரிமையே என 2017 ஆகஸ்டு 24-இல் தீர்ப்பளித்தனர். அதன் பின்னர் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இல் இயற்றப்பட்டது. அதற்குரிய விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. நிறுவனங்கள் தம் கடமைகளுக்கு ஆயத்தமாதற்பொருட்டுப் பதினெட்டுத் திங்கள் அவகாசமும் அளிக்கப்பட்டது.

இச்சட்டம் விவரங்களைப் பெற்று ஆளும் நிறுவனத்திற்கு இட்ட பெயர் சிந்திக்கத்தக்கது. 'உரிமையாளர்' என்றன்று, 'நம்பிக்கைப் பொறுப்பாளர்' என்னும் பொருள்படவே அதனை அழைக்கின்றது. ஏனைய கடமைகளெல்லாம் இவ்வொரு பெயரிலேயே அடங்கியுள்ளன எனலாம்.

முதலாவது, எவ்விவரத்தை எதன்பொருட்டுப் பெறுகின்றோம் என்பதைத் தெளிவாக அறிவித்து இசைவு பெறுதல். இவ்வறிவிப்பை ஆங்கிலத்திலேனும், அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையிலுள்ள மொழியொன்றிலேனும் படிக்கும் வாய்ப்புத் தரப்படவேண்டும். ஆகவே தமிழிற் கேட்டுப் பெறுதல் நம் உரிமையாகின்றது. கொடுத்த இசைவை, கொடுத்தவாறே எளிதாக மீட்டுக்கொள்ளவும் இயலவேண்டும்.

இரண்டாவது, நோக்கத்திற்கு வேண்டியதை மட்டும் கேட்டல். தொலைவிலிருந்து மருத்துவம் செய்யும் செயலி, நோயாளியின் கைப்பேசியிலுள்ள பிறர் எண்களையும் கேட்குமாயின், அவர் இசைந்தாரெனினும் அவ்விசைவு மருத்துவத்தின் அளவிலேயே நிற்கும் என்று சட்டமே ஓர் எடுத்துக்காட்டுத் தருகின்றது. கணக்கியல் கற்பிப்பதற்குத் தந்தையின் தொழில் எற்றுக்கு?

மூன்றாவது, பெற்றதைக் காத்தல். பதிவுகளை மறைகுறியாக்கி வைத்தலும், வேண்டுவோர் மட்டுமே திறக்குமாறு செய்தலும், யார் எப்பொழுது திறந்தார் என்பதைக் குறித்து வைத்தலும் இதன்பாற்படும். கணினிப் பணியை வேறொருவரிடம் ஒப்படைத்தாலும் பொறுப்பு நிலையத்தையே சாரும். கசிவு நேரின் உரியவருக்கும் தரவுப் பாதுகாப்பு வாரியத்திற்கும் அறிவித்தல் வேண்டும். பாதுகாப்பிற் குறைபாடு செய்தார்க்குத் தண்டம் ரூ. 250 கோடி வரை செல்லும்.

நான்காவது, நோக்கம் நிறைவேறியபின் அழித்தல். வேறொரு சட்டத்தின்பொருட்டு வைத்திருக்க வேண்டியவை மட்டுமே இதற்கு விலக்கு. மேலும், பதினெட்டு வயது நிரம்பாதாருடைய விவரங்களைப் பெறுதற்குப் பெற்றோரின் இசைவு வேண்டும் என்பது பொது விதி.

ஈண்டு ஓர் ஐயம் எழலாம். இரண்டு அறைகளில் நடைபெறும் சிறு நிலையம் இத்தனையையும் எவ்வாறு செய்ய வல்லது? வினா நியாயமானதே. ஆனால் பாதுகாப்புகளுள் தலையாயதற்குச் செலவே இல்லை. அது வேண்டாததைக் கேளாமையாம். கேளாத விவரம் கசிவதில்லை. அழித்த விவரத்தைத் திருடுவாருமிலர். ஆதாரின் நகல் வேண்டியவிடத்தும் இறுதி நான்கு இலக்கங்கள் மட்டுமே தோன்றும் நகல் பெரும்பாலும் போதியதாகும்.

இக்கல்லூரியினின்று வெளியேறும் நம்மிற் பலர், நாளை அம்மேசையின் மறுபுறத்தில் எழுத்தராகவோ ஆசிரியராகவோ அமர்தல் கூடும். அப்பொழுது, மாணாக்கர் பட்டியலொன்றை நண்பரொருவர் நயமாகக் கேட்பார். கொடுத்தால் குறைவென்ன என்றும் தோன்றும். வாரியமும் தண்டமும் அக்கணத்தில் நம் அருகில் இரா. படிவத்தை நம்பி நிரப்பிச் சென்ற அம்மாணாக்கியை நினைத்து, 'இது என்னுடையதன்று' என்று சொல்லுதலே அவ்வேளையில் நாம் செய்யத்தக்கது.