ஆட்டுப்பட்டியிலிருந்து ஒரு தடுப்பூசிப் பாடம்

நுண்ணுயிரிகள் பாடத்தில் தடுப்பூசி என்றதும் பெரியம்மையையும் எட்வர்டு ஜென்னரையும் சொல்லிக் கடந்துவிடுகிறோம். தென்காசிப் பகுதியில் அறிவியல் ஆசிரியராகப் பணியாற்றும் நான், அதே பாடத்தை ஆட்டுப்பட்டியிலிருந்து தொடங்குகிறேன். என் வகுப்பில் பலரது வீட்டில் ஆடு உண்டு. அக்காவின் கல்லூரிக் கட்டணமும் திடீர் மருத்துவச் செலவும் ஒரு கிடாயை விற்றுத்தான் ஈடுகட்டப்படுகின்றன. பட்டியில் நோய் வந்தால் வருகைப் பதிவேட்டிலும் அது தெரியும். ஆட்டைக் கவனிக்கப் பிள்ளை வீட்டில் நின்றுவிடும்.

சாரலும் சந்தையும்

ஆனி, ஆடியில் குற்றாலத்தில் சாரல் விழும்போது எங்கள் பட்டிகளில் ஈரம் தங்கும். கோயில் கொடைகளை ஒட்டி ஆட்டு வியாபாரமும் கூடும். சந்தையில் பல ஊர் ஆடுகள் கலக்கின்றன. விலை படியாமல் திரும்பும் ஆடும், புதிதாக வாங்கிய குட்டியும் நேரே பட்டிக்குள் விடப்படுகின்றன. ஆட்டுக்கொல்லி நோய் நுழைவதற்கு இது எளிய வழி.

கடும் காய்ச்சல், கண்ணிலும் மூக்கிலும் நீர் வடிதல், வாய்ப்புண், கழிச்சல், மூச்சுத்திணறல் ஆகியவை இதன் அறிகுறிகள். தட்டம்மை வைரசின் உறவான ஒரு வைரசே இதற்குக் காரணம். இந்த நோய் மனிதருக்குத் தொற்றாது. ஆனால் வாய்ப்புண் எல்லாம் ஆட்டுக்கொல்லி அல்ல. மனிதருக்குத் தொற்றும் நோயாகவும் இருக்கலாம். எனவே வெறுங்கையால் தொடக்கூடாது என்று பிள்ளைகளிடம் கட்டாயம் சொல்ல வேண்டும்.

"கடையில் மருந்து வாங்கி ஊசி போட்டால் சரியாகிவிடுமா சார்?" என்று ஒரு மாணவன் கேட்டான். வைரசுக்கும் பாக்டீரியாவுக்கும் உள்ள வேறுபாட்டை விளக்க இதைவிட நல்ல கேள்வி கிடைக்காது. நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்து வைரசைக் கொல்லாது. கூடவே வரும் பாக்டீரியாத் தொற்றைத்தான் கட்டுப்படுத்தும். வருமுன் காப்பது தடுப்பூசி ஒன்றே.

நம் மண்ணின் ஆய்வு

இந்தியாவில் இந்நோய் முதன்முதலில் 1987-இல் கண்டறியப்பட்டது, இன்றைய விழுப்புரம் மாவட்டத்தின் அரசூரில், செம்மறியாடுகளிடம். அங்கே எடுத்த வைரசை வீரியம் குறைத்து, தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் தடுப்பூசி உருவாக்கியது. அந்த வைரஸ் வகைக்கு 'அரசூர் 87' என்றே பெயர். தமிழ்நாட்டுச் சிற்றூர் ஒன்றின் பெயர் ஆய்வுக்கூடம் வரை போயிருப்பதைக் கேட்டதும் வகுப்பே நிமிர்ந்து உட்காருகிறது.

நோயை முற்றிலும் ஒழிக்க முடியுமா? பெரியம்மைக்குப் பிறகு உலகிலிருந்து ஒழிக்கப்பட்ட இரண்டாவது நோய், மாடுகளின் வெக்கை நோய். இந்தியாவில் அது கடைசியாக 1995-இல் தமிழ்நாட்டில் பதிவானது. 2011-இல் உலகமே விடுபட்டதாக அறிவிக்கப்பட்டது. அதே குடும்பத்தைச் சேர்ந்த ஆட்டுக்கொல்லியை 2030-க்குள் ஒழிப்பது உலக நாடுகளின் இலக்கு.

வகுப்பறைச் செயல்பாடுகள்

1. அட்டை விளையாட்டு: 30 மாணவர்கள் ஆடுகளாக நிற்கட்டும். ஒருவரிடம் மட்டும் சிவப்பு அட்டை. ஒவ்வொரு சுற்றிலும் சிவப்பு அட்டைக்காரர் மூவரைத் தொட, அவர்களுக்கும் சிவப்பு அட்டை. சில சுற்றுகளிலேயே எல்லோரும் நோயாளிகள். அடுத்து 24 பேருக்கு நீல அட்டை, அதாவது தடுப்பூசி. நீல அட்டைக்காரரைத் தொட்டால் நோய் பரவாது. இரண்டு முறையும் நோயுற்றோர் எண்ணிக்கையை வரைபடமாக்கச் சொல்லலாம். ஊசி போடாத ஆடும் எப்படித் தப்புகிறது என்பதை அவர்களே சொல்வார்கள்.

2. பட்டிக் குறிப்பேடு: வீட்டில் ஆடுகள் எத்தனை, குட்டிகளின் வயது, தடுப்பூசி போட்ட நாள், புதிய ஆடு வந்த நாள் ஆகியவற்றை எழுதட்டும். நான்கு மாதம் நிறைந்த குட்டிக்கு ஊசி போட்டாயிற்றா, புதிய ஆடு மூன்று வாரம் தனியே கட்டப்பட்டதா, தரை ஈரமில்லாமல் இருக்கிறதா என்று பார்க்கட்டும். ஒரு தவணை ஊசியே மூன்றாண்டுகளுக்கு எதிர்ப்பாற்றல் தரும் என்பதையும், அது உயிருள்ள வைரஸ் என்பதால்தான் குளிர்பெட்டியில் வருகிறது என்பதையும் சேர்த்து விளக்கலாம்.

3. விண்ணப்பக் கடிதம்: தமிழ்ப் பாட வேளையில், ஊரில் தடுப்பூசி முகாம் வேண்டி கால்நடை உதவி மருத்துவருக்குக் கடிதம் எழுதட்டும். நன்றாக அமைந்த கடிதத்தை உண்மையாகவே அனுப்புங்கள். அவசரத்துக்கு 1962 என்ற எண்ணையும் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள்.

மேல்நிலை வகுப்பு ஆசிரியர்களுக்கு ஒரு செய்தி: திருநெல்வேலி இராமையன்பட்டியில் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி உண்டு. மாநில ஒதுக்கீட்டு இடங்களுக்குப் பிளஸ் டூ மதிப்பெண்தான் அடிப்படை. ஆடு மேய்த்துப் பழகிய பிள்ளையிடம் இதைச் சொல்ல நாம்தான் இருக்கிறோம்.

மதிப்பீடு

தேர்வுக்கு நான் தரும் வினா இது: "உன் மாமா கொடைக்கு வாங்கியதில் ஒரு குட்டி மிஞ்சிவிட்டது. அதை உங்கள் பட்டியில் விடச் சொல்கிறார். அவருக்கு என்ன சொல்வாய்? காரணங்களுடன் எழுதுக." விடையை மாமாவிடமும் சொல்லிவிட்டு வந்தால் முழு மதிப்பெண்.