பிள்ளை வர நேரமானால்...

ஒரு பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டில், இன்னொன்று டியூஷனிலிருந்து வர பத்து நிமிஷம் தாமதமானாலே அடிவயிறு கலங்கும். இருபது வருஷமானாலும் அப்படித்தான். அந்த நேரத்துக்கும், அதைத் தாண்டிய நாட்களுக்கும் சில வழிகள்:

1. நாலு எண்ணும்வரை மூச்சை இழுங்கள், ஆறு எண்ணும்வரை விடுங்கள். மூச்சை நிதானமாக விட்டால் இதயத் துடிப்பு தணியும்.

2. போய்ச் சேர்ந்ததும் ஒரு மெசேஜ், கிளம்பும்போது ஒன்று என்று பிள்ளையோடு பேசிவைத்துக்கொள்ளுங்கள். பத்து தடவை போன் அடித்தால் அது சைலன்டுக்குப் போய்விடும். அப்புறம் உங்கள் பாடு திண்டாட்டம்.

3. சாயங்காலத்துக்கு மேல் காபி வேண்டாம். அது கிளப்பும் படபடப்பையும் மனசு பயமென்றே எடுத்துக்கொள்ளும்.

4. பறிகொடுத்த பிள்ளையின் பிறந்தநாளும் திதியும் வரும் வாரங்களைக் காலண்டரில் வட்டமிடுங்கள். நாம் மறந்திருந்தாலும் உடம்பு மறக்காது. அந்த வாரம் கல்யாண வேலை எதையும் தலையில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

5. "எத்தனை பிள்ளைங்க?" பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் கேட்பார், பாவம், தெரியாமல்தான். பதிலை வீட்டிலேயே முடிவுசெய்து வையுங்கள். "ரெண்டு, ஒண்ணு இப்ப இல்லை" என்றாலும் சரி, "ஒண்ணு" என்றாலும் சரி. பின்னது பொய்யில்லை, துரோகமுமில்லை. தயாராக இருந்தால் தொண்டை அடைக்காது.

6. தூக்கம் இரண்டு வாரத்துக்கு மேல் கெட்டால் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-ஐக் கூப்பிடுங்கள். வாழவே பிடிக்கவில்லை என்று தோன்றினால் அந்த நிமிஷமே. கட்டணமில்லை, 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம்.