நோன்பு மாதத்தில் எனக்கு மட்டும் 8 மணி நேர வேலையா?

கேள்வி:

குவைத்தில் ஷுவைக் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியின் கிடங்கில் வேலை பார்க்கிறேன். 18-ஆம் நம்பர் விசா, மாதச் சம்பளம் 208 தினார். ரமலான் பிறந்ததும், முஸ்லிம் ஊழியர்களுக்கு 6 மணி நேரம், மற்றவர்களுக்கு வழக்கம்போல 8 மணி நேரம் என்று முதீர் (மேலாளர்) சொல்லிவிட்டார். “நீதான் நோன்பு பிடிக்கவில்லையே, உனக்கு எதற்குச் சலுகை?” என்கிறார். ஓவர்டைமும் கிடையாது. இன்னொரு பக்கம், பகலில் ஒரு வாய் தண்ணீர் குடிக்கவே பயமாக இருக்கிறது. சரக்கு வேனில் போகும்போது வண்டிக்குள் குடிக்கலாமா? மெஸ்ஸிலிருந்து நாலு பேருக்கு மதியச் சாப்பாடு வாங்கி வருவது நான்தான், அது குற்றமா? எனக்குச் சர்க்கரை நோய் வேறு. வேலை நேரத்தைப் பற்றிப் பேசினால் அக்காமாவை (வசிப்பு அனுமதியை) கேன்சல் செய்துவிடுவார்களோ என்றும் பயப்படுகிறேன்.

— பெயர் வெளியிட விரும்பாத வாசகர், ஃபர்வானியா

பதில்:

சகோதரரே, முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். முஸ்லிம் அல்லாதவர் நோன்பு பிடிக்க வேண்டும் என்று குவைத்தில் எந்தச் சட்டமும் சொல்லவில்லை. பொது இடத்தில் நோன்பு நேரத்தை மதித்து நடக்க வேண்டும் என்பதுதான் சட்டம் உங்களிடம் கேட்பது. அதே நாட்டின் இன்னொரு சட்டம் ரமலான் மாதத்தில் உங்கள் வேலை நேரத்தையும் குறைக்கிறது. முதல் பாதியை உங்கள் மீது சுமத்திவிட்டு, இரண்டாவது பாதியை மறைத்துவிடுகிறது உங்கள் கம்பெனி.

36 மணி நேரம் எல்லோருக்கும்தான்

தனியார் துறை ஊழியர்களுக்குப் பொருந்துவது 2010-ஆம் ஆண்டின் 6-ஆம் எண் தொழிலாளர் சட்டம். அதன் 64-ஆம் பிரிவு சாதாரண நாட்களில் நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வரம்பு கட்டுகிறது. ரமலானில் அந்த வரம்பு வாரத்துக்கு 36 மணி நேரம். இதைத் தொழிலாளர்களுக்குப் பொதுவாகத்தான் சொல்லியிருக்கிறதே தவிர, முஸ்லிமாக இருக்க வேண்டும், நோன்பு பிடித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை எதுவும் அந்தப் பிரிவில் இல்லை.

பிறகு முதீர் சொல்வது எங்கிருந்து வந்தது? சவூதி தொழிலாளர் சட்டத்தின் 98-ஆம் பிரிவும் பஹ்ரைனின் 2012-ஆம் ஆண்டுச் சட்டமும் ரமலான் நேரக் குறைப்பை முஸ்லிம் ஊழியர்களுக்கு என்றே எழுதியிருக்கின்றன. குவைத்தும் கத்தாரும் அப்படி எழுதவில்லை. வளைகுடா முழுவதும் ஒரே விதி என்ற நினைப்பில், பக்கத்து நாட்டு வழக்கத்தைக் குவைத்தில் நடத்துகிற நிர்வாகிகள் இருக்கிறார்கள். அது செல்லாது. நேரம் குறைகிறது என்பதற்காகச் சம்பளத்திலும் கைவைக்க முடியாது. ஒப்பந்தக் காலத்தில் ஊழியரின் ஊதியத்தைக் குறைப்பதை குவைத் தொழிலாளர் சட்டத்தின் 28-ஆம் பிரிவு தடுக்கிறது.

கூடுதல் நேரம் வேலை வாங்கவே கூடாதா என்றால், வாங்கலாம். அதற்கு 66-ஆம் பிரிவின்படி எழுத்து மூலமான உத்தரவு வேண்டும். நாளுக்கு 2 மணி நேரம், வாரத்துக்கு 3 நாள், அதற்கு மேல் கூடாது. அந்த நேரத்துக்கு வழக்கமான கூலியோடு 25 சதவீதம் சேர்த்துத் தர வேண்டும். மாதச் சம்பளத்தை 26 நாளால் வகுப்பதுதான் வழக்கம். உங்கள் 208 தினாருக்கு ஒரு நாள் கூலி 8 தினார். 8 மணி நேரக் கணக்கில் மணிக்கு 1 தினார். ஓவர்டைமுக்கு மணிக்கு 1 தினார் 250 ஃபில்ஸ். வாரம் 48 மணி நேரம் உழைத்தால் 36-க்கு மேல் 12 மணி நேரம். நாலு வாரத்துக்கு 48 மணி நேரம், அதாவது 60 தினார். வாரத்தில் 12 மணி நேரம் கூடுதலாக வேலை வாங்குவதே சட்ட வரம்பைத் தாண்டியது; அது தனி மீறல்.

“நோன்பு இல்லாதவனுக்கு எதற்குச் சலுகை” என்ற கேள்வியையும் நான் ஏற்கவில்லை. அந்த மாதத்தில் ஹோட்டல் பகலில் மூடியிருக்கும். கிடங்கில் மூட்டை தூக்கிய கையோடு நின்ற இடத்தில் தண்ணீர் குடிக்க உங்களால் முடியாது. ஊரின் ஒழுங்குக்கு நீங்களும் கட்டுப்படும்போது, அந்த ஒழுங்கோடு வரும் வேலை நேரமும் உங்களுக்குரியதே. ஒரே கிடங்கில் வேலை பார்ப்பவர்களை மதத்தின் பேரில் இரண்டு நேரக் கணக்கில் பிரிப்பது, நோன்பு பிடிக்கிற நண்பர்கள் மேல் வீண் கசப்பைத்தான் வளர்க்கும்.

ஒன்றைக் கவனியுங்கள்: இவையெல்லாம் 18-ஆம் நம்பர் தனியார் துறை விசாக்காரர்களுக்கு. 20-ஆம் நம்பர் காதிம் விசாவில் வீட்டு வேலைக்கு வந்தவர்களுக்கு 2015-ஆம் ஆண்டின் 68-ஆம் எண் சட்டம் தனியாக இருக்கிறது. அதில் நாளுக்கு 12 மணி நேரம் என்பதே உச்ச வரம்பு.

தண்ணீர், வேன், மெஸ் சாப்பாடு

1968-ஆம் ஆண்டின் 44-ஆம் எண் சட்டப்படி, ரமலான் பகலில் பொது இடத்தில் வெளிப்படையாகச் சாப்பிடுவதும் குடிப்பதும் குற்றம். புகை பிடிப்பதும் அதில் அடங்கும். 100 தினார் வரை அபராதம், ஒரு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ‘யாராக இருந்தாலும்’ என்ற தோரணையில் எழுதப்பட்ட சட்டம் அது. வேறு மதத்தவர் என்பதால் விலக்கு இல்லை. வெளிநாட்டவரை அபராதத்தோடு விட்டுவிடாமல் நாடு கடத்தவும் அரசு நிர்வாகத்துக்கு அதிகாரம் உண்டு. துபாயில் 2021 முதல் உணவகங்கள் திரை போட வேண்டியதில்லை என்று ஆகிவிட்டது. அங்கிருக்கும் உறவினர் அனுப்பும் வீடியோவைப் பார்த்துக் குவைத்தில் நடந்துகொள்ளாதீர்கள்.

வேன் உங்கள் கம்பெனியுடையதாக இருக்கலாம். ஆனால் சாலையில் நிற்கும் வண்டிக்குள் நடப்பது கண்ணாடி வழியே எல்லோருக்கும் தெரியும். சிக்னலில் பாட்டிலை வாயில் வைத்தால் பொது இடம் இல்லை என்று வாதாடுவது கடினம். பாட்டில் பையில் இருக்கட்டும். கம்பெனிக்குள் மூடிய அறையில் குடியுங்கள். அப்படி ஓர் இடம் ஒதுக்கித் தரும்படி நிர்வாகத்தைக் கேளுங்கள்.

மெஸ் சாப்பாட்டைக் கட்டி எடுத்து வருவதாலேயே குற்றம் ஆகிவிடாது. பொது இடத்தில் சாப்பிடத் தூண்டுபவருக்கும் உதவுபவருக்கும் அதே தண்டனை உண்டு என்பதால், எங்கே பிரிக்கிறீர்கள் என்பதில்தான் கவனம் வேண்டும். கிடங்கு வாசலிலோ லாரி நிழலிலோ டிபன் கேரியரைத் திறந்து நாலு பேருக்குப் பங்கு வைக்காதீர்கள். மூடிய பையில் கொண்டு போய், கதவை அடைத்த அறையில் சாப்பிடுங்கள். மாலையில் மக்ரிப் பாங்கு சொன்ன பிறகு இந்தத் தடை எதுவும் இல்லை.

சர்க்கரை நோயாளிகளுக்குத் தனி விலக்கு அந்தச் சட்டத்தில் எழுதப்படவில்லை. ஆனால் நோயாளிக்கும் பயணிக்கும் நோன்பிலிருந்து சலுகை தருவது இஸ்லாத்தின் வழிமுறையே. குர்ஆனின் 2-ஆம் அத்தியாயம் 184, 185-ஆம் வசனங்கள் அதைச் சொல்கின்றன. ஆகவே உங்கள் நோயை மேலாளரிடம் சொல்லக் கூச்சப்பட வேண்டாம். மருந்துச் சீட்டின் நகலைப் பர்ஸில் வைத்துக்கொள்ளுங்கள். ரத்தச் சர்க்கரை இறங்கி உடம்பு நடுங்கினால், உடனே மறைவாக ஒதுங்கி இனிப்பைச் சாப்பிடுங்கள். உயிர்தான் முதல்.

போலீஸ் பிடித்தால் தர்க்கம் செய்யாதீர்கள், மன்னிப்புக் கேளுங்கள். மதத்தைப் பற்றி ஒரு சொல்கூடத் தவறாக வாயில் வரக் கூடாது. அது வேறொரு பெரிய குற்றமாகும். வாசிக்கத் தெரியாத அரபுக் காகிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். 1963-ஆம் ஆண்டின் வியன்னா தூதரக ஒப்பந்தத்தின் 36-ஆம் பிரிவுப்படி, இந்தியத் தூதரகத்துக்குத் தகவல் சொல்லும்படி கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

எப்படிக் கேட்பது

சட்டப்படியான உரிமையைக் கேட்டதற்காக ஊழியரை வேலையிலிருந்து நீக்கக் கூடாது என்கிறது தொழிலாளர் சட்டத்தின் 46-ஆம் பிரிவு. மதத்தைக் காரணம் காட்டி நீக்குவதையும் அதே பிரிவு தடுக்கிறது. ஆனாலும் நிதானமாகப் போங்கள். முதலில் மனிதவளப் பிரிவுக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள்: “2010-ஆம் ஆண்டின் 6-ஆம் எண் சட்டம் 64-ஆம் பிரிவின்படி ரமலான் வேலை நேரத்தை எனக்கும் பொருத்துமாறு கேட்டுக்கொள்கிறேன், கூடுதல் நேரம் தேவைப்பட்டால் 66-ஆம் பிரிவின்படி எழுத்தில் உத்தரவு தாருங்கள்.” இவ்வளவு போதும். உங்களைப் போல 8 மணி நேரம் வேலை பார்க்கும் மற்றவர்களும் சேர்ந்து கையெழுத்திட்டால் இன்னும் நல்லது.

அன்றிலிருந்து வரும் நேரம், போகும் நேரம் இரண்டையும் தினமும் குறித்து வையுங்கள். கைரேகை இயந்திரத்தின் திரையைப் படம் எடுத்து வையுங்கள். ஓவர்டைமுக்குத் தனிப் பதிவேடு வைப்பது முதலாளியின் கடமை. அவர் வைக்காவிட்டாலும், வேறு எந்த ஆதாரத்தைக் கொண்டும் நிரூபிக்க உங்களுக்கு வழி உண்டு.

பதில் வராவிட்டால், நம்மவர்கள் ‘ஷூன்’ என்று சொல்லும் தொழிலாளர் அலுவலகத்தில் புகார் கொடுங்கள். நீதிமன்றத்துக்குப் போகும் முன் இந்தப் படியை ஏறியே ஆக வேண்டும். ஒரு மாதத்துக்குள் சமரசம் ஆகாவிட்டால் அவர்களே வழக்கை நீதிமன்றத்துக்கு அனுப்புவார்கள். தொழிலாளி தொடுக்கும் வழக்குக்கு நீதிமன்றக் கட்டணம் இல்லை. தூதரக உதவிக்கு ‘மதத்’ இணையதளத்திலும் பதியலாம்.

வேலையை விட்டுவிட்டுக் கேட்பதானாலும், ஒப்பந்தம் முடிந்து ஓராண்டுக்குள் கேட்டுவிட வேண்டும். அதற்குப் பின் வழக்கு நிற்காது. அதுவரை காத்திருக்கவே வேண்டாம், சகோதரரே. பொது இடத்தில் நோன்பை மதித்து நடந்துகொண்டே, 36 மணி நேரத்தைத் தலைநிமிர்ந்து கேளுங்கள். இரண்டும் ஒரே நாட்டின் சட்டம்தான்.